பேச்சியம்மாள் சரியாகத்தான் வாசித்தாள்

மக்களே,

நீ சுகமாக இருக்கிறாய் என்று செவ்வாய்க்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது. அதனால் அதைக் கேட்டு நேரம் போக்கவில்லை. எனக்குத்தான் நான்கு நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்தேன், ஈரம் காய்வதற்குள் எடுத்து மாட்டினேன். புதன்கிழமை பழவங்காடிக் கோயிலுக்குப் போய், தேங்காய் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கணபதி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உடைக்காமலே திரும்பி வந்தேன். உங்கப்பா பேப்பரைத் தாழ்த்தி, "எதுக்கு இப்படி நடந்துக்கிட்டே இருக்க, கால் வலிக்கலியா?" என்று கேட்டார். அவருக்கு என்ன சொல்ல? உன்னிடம் சொல்ல வேண்டியதை அவரிடமும் அன்றுவரை சொன்னதில்லை. இன்று சனிக்கிழமை காலை சமையலை முடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எத்தனை தடவை எழுந்திருப்பேனோ தெரியாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவேன். தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் பெங்களூர் வந்து சேராது.

செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டபோது உன் குரலில் ஒரு சலிப்பு இருந்தது. மேனேஜர் ஆகி ஆறு மாசம்தான் ஆகிறது, அதற்குள் உன் அப்பா ஆபீஸ் விட்டு வந்து பேசுகிற மாதிரியே பேசுகிறாய். உன் டீமில் புதிதாகச் சேர்ந்த கொல்லத்துப் பெண் நிமிஷாவால் கஸ்டமரிடம் திட்டு வாங்கினேன் என்றாய். "வெள்ளிக்கிழமைக்குள்ள பழைய கம்ப்ளெயிண்ட் எல்லாத்தையும் முடிக்கணும்னு தெளிவா மெயில் போட்டேம்மா. ஒண்ணைக்கூடத் தொடல. கேட்டா, நீங்கதானே சார் வேண்டாம்னு எழுதினீங்கன்னு என்கிட்டயே திருப்பிச் சொல்றா. டிகிரி படிச்சவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியலம்மா!" அவளை வேலையில் நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று திங்கட்கிழமை நீ ரிப்போர்ட் கொடுக்க வேண்டும், அதில் இதையே எழுதப்போகிறேன் என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரிப்பேன் என்று அந்த மெயிலை எனக்கு அனுப்பியும் வைத்தாய்.

கண்ணாடியைத் தேடி எடுத்து, அடுப்பங்கரையில் நின்றபடியே அதைப் படித்தேன். "ப்ளீஸ் அவாய்ட் காலிங் தி கஸ்டமர்ஸ், செண்டிங் ஃப்ரெஷ் ரிமைண்டர்ஸ் அண்ட் க்ளோசிங் தி ஓல்ட் கம்ப்ளெயிண்ட்ஸ் பை ஃப்ரைடே." நீ எழுதியது இதுதான். கஸ்டமர்களைக் கூப்பிட வேண்டாம், புதிதாக நினைவூட்டல் அனுப்ப வேண்டாம், பழைய புகார்களை வெள்ளிக்குள் முடித்துவிடு. உன் மனதில் இருந்தது இப்படி. ஆனால் அவாய்ட், தவிர்த்துவிடு, என்ற ஒரே சொல்லின் கீழ் காலிங், செண்டிங், க்ளோசிங் என்று மூன்றையும் ஒரே அச்சில் வரிசையாக நிறுத்திவிட்டாய். அப்படி நிறுத்தினால் மூன்றையும் தவிர்க்கச் சொன்னதாகத்தான் பொருள். மூன்றாவது வேறு ஜாதி வேலை, அதை அந்த வரிசையிலிருந்து இறக்கித் தனி வாக்கியமாக எழுதியிருக்க வேண்டும். இங்கிலீஷ் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. அந்தப் பெண் சரியாகத்தான் வாசித்திருக்கிறாள்.

வியாழக்கிழமை உன்னைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். "நான் என்ன சொல்ல வர்றேன்னு யாருக்கும் புரியும்மா. சாரமில்ல, அதை விடு. எனக்கு மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டாய். அம்மாவுக்குப் பழைய இலக்கணப் பைத்தியம் என்று நினைத்திருப்பாய். அப்படி நினைக்க உனக்குக் காரணமும் இருக்கிறது. ப்ளஸ் ஒன் படிக்கும்போது காய்ச்சலுக்கு நீ எழுதிய லீவ் லெட்டரை நான் ஏழு தடவை திருப்பி எழுத வைத்தேன். நூற்றியொரு டிகிரி காய்ச்சலோடு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, மூன்று வினைகளும் ஒரே வடிவில் வரும்வரைக்கும் எழுதினாய். ஏழாவது தடவை பேனாவை வீசிவிட்டு, "டீச்சர் இதையெல்லாம் பார்க்கவே மாட்டாங்கம்மா!" என்று அழுதாய். அதற்கும் நான் இரங்கவில்லை. அன்று உன்னைப் படுத்தியது இலக்கணத்தின் மேல் இருந்த ஆசையால் அல்ல மக்களே, பயத்தால். அதற்கு மூன்று வாரம் முன்புதான் ஆஸ்பத்திரியில் அது நடந்திருந்தது.

நான் டிஸ்சார்ஜ் கவுண்டரில் இருந்தது உனக்குத் தெரியும். டாக்டர் கிறுக்கித் தரும் குறிப்பைப் பார்த்து, நோயாளி வீட்டில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று இங்கிலீஷில் ஒரு தாள் தயாரிப்பது என் வேலை. டாக்டர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார், ஏனென்றால் நான் எழுதினால் சரியாக இருக்கும் என்று பெயர். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வருகிறவர்களுக்குத் தமிழிலும் மற்றவர்களுக்கு மலையாளத்திலும் வாயால் விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் தாளைக் கையில் கொடுப்போம். அன்று ஒரு பெண் வந்தாள், முப்பது வயதிருக்கும். பேச்சியம்மாள் என்று பெயர், அம்பாசமுத்திரம் பக்கம். அவள் புருஷன் முருகேசன் வித்துராவில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். நெஞ்சுத் துடிப்பு சீராக இல்லையென்று அவரைச் சேர்த்து, தேறி வீட்டுக்கு அனுப்புகிற நாள் அது. எனக்குப் பின்னால் பிரிண்டர் இரைகிறது, முன்னால் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். நான் விளக்க வாயெடுத்ததும், "நானே வாசிச்சிக்கிடுதேன் மேடம், பத்தாங்கிளாஸ்ல இங்கிலீஷ்ல எழுவத்தெட்டு மார்க்கு" என்று சிரித்துக்கொண்டே தாளை வாங்கிக்கொண்டாள். எனக்கு நிம்மதியாகிவிட்டது. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அந்தத் தாளில் நான் எழுதியிருந்த வரி இது: "டூ நாட் க்ளைம்ப் ஸ்டெயர்ஸ், லிஃப்ட் வெயிட்ஸ் அண்ட் டேக் தி ஒயிட் டேப்லட்." நீயே சொல்லு, இதற்கு என்ன பொருள்? என் மனதில் ஓடியது தமிழ். மாடிப்படி ஏறாதீங்க, கனம் தூக்காதீங்க, வெள்ளை மாத்திரையைப் போடுங்க. தமிழில் ஒவ்வொரு வினையும் தன்னுடைய 'கூடாது'வைத் தானே வாலில் சுமந்துகொண்டு வரும். எது வேண்டும், எது வேண்டாம் என்று குழப்பமே வராது. இங்கிலீஷில் அந்த 'நாட்' தலையில் ஒரே தடவை வந்து நிற்கும், அதன் பின்னால் ஒரே வடிவில் வரிசையாக வருகிற எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். நான் தமிழில் நினைத்து இங்கிலீஷில் அடுக்கிவிட்டேன். ரத்தம் கட்டாமல் இருப்பதற்காகக் கொடுத்த மாத்திரை அந்த வெள்ளை மாத்திரை. அதை ஒரு நாளும் விடக்கூடாது.

மறுநாள் கவுண்டர் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். "மேடம், ஆஸ்பத்திரியில இருக்கும்போது தினமும் குடுத்த வெள்ளை மாத்திரை இன்னும் அட்டையில இருக்கு. பேப்பர்ல வேற மாதிரி போட்டிருக்கு. என்ன செய்ய?" என்றாள் பேச்சியம்மாள். அது அவள் என்று பின்னால்தான் விளங்கியது, அப்போது யார், எந்த நோயாளி என்றுகூட நான் கேட்கவில்லை. "பேப்பர்ல என்ன எழுதியிருக்கோ அப்படியே செய்யுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளும் அப்படியே செய்தாள்.

ஒன்பதாம் நாள் முருகேசனை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை துணிபோலத் தொங்கியது. டாக்டர் மாத்திரையைப் பற்றிக் கேட்டார். நிறுத்திவிட்டோம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. பேச்சியம்மாள் இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினாள். டாக்டர் வரியின் கடைசிப் பகுதியில் விரலை வைத்து, "இதா, டேக் தி ஒயிட் டேப்லட்! எழுதிட்டுண்டல்லோ!" என்று மலையாளத்தில், எழுதியிருக்கிறதே என்று, கத்தினார். அவள் அதே வரியின் தொடக்கத்தில் விரலை வைத்து, "முன்னால நாட் போட்டிருக்கே சார்" என்றாள். விரலை எடுக்கவில்லை. அது படிக்கட்டுக்குப் போட்ட நாட் என்று டாக்டர் சொன்னார். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அரைகுறையாக வாசிக்கத் தெரிந்தவர்களால்தான் இந்த ஆபத்தெல்லாம் என்று ஒருவர் மலையாளத்தில் சொன்னார். டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் விளக்கிக் கொடுக்கவில்லையா?" என்று கேட்டார்.

மக்களே, அந்தத் தாளை அவள் கையிலிருந்து வாங்கி ஒரு தடவை படித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அவள் விரல் இருந்த இடம்தான் சரி. ஆனால் நான் சொன்னது இது: "தனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும்னு சொன்னாங்க டாக்டர்." பொய்யில்லாத வாக்கியம். அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதே இல்லை. பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தனக்கு வாசிக்கத் தெரியாதோ என்ற சந்தேகத்தோடு பார்த்தாள்.

உங்கப்பாவுக்கு வேலை இல்லாமல் இருந்த வருஷம் அது, உன் படிப்பு வேறு. இப்படிக் காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், நிற்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்காது. இங்கிலீஷ் நன்றாக எழுதுகிறவள் என்ற பெயர் போயிருக்கும். அதைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கே தாளின் அமைப்பை மாற்றினேன். செய்ய வேண்டியவை ஒரு பக்கம், செய்யக்கூடாதவை இன்னொரு பக்கம், ஒரு காரியத்துக்கு ஒரு வாக்கியம். நல்ல மாற்றம் என்று எல்லாரும் பாராட்டினார்கள். பிறகு புதிதாகச் சேருகிறவர்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் என்னிடமே தந்தார்கள். ஒரு வரிசையில் வருவதெல்லாம் ஒரே வடிவில் இருக்க வேண்டும், தலையில் இருக்கும் சொல் எதுவரை போகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள், வேறு திசையில் போகிற வேலையை வேறு வாக்கியத்தில் எழுதுங்கள் என்று பத்து வருஷம் சொல்லிக்கொடுத்தேன். எடுத்துக்காட்டுக்கு நூறு வாக்கியம் எழுதியிருப்பேன். என்னுடைய அந்த ஒரு வாக்கியத்தை ஒருநாளும் பலகையில் எழுதியதில்லை.

அவளை மறந்தும் போனேன் என்று சொன்னால் நீ நம்புவாயா? மறக்கத்தான் செய்தேன். மாசக்கணக்கில் நினைப்பே வராது. செவ்வாய்க்கிழமை நீ சிரித்துக்கொண்டே, வாசிக்கத் தெரியலம்மா என்றாயே, அன்று சுற்றி நின்றவர்கள் சிரித்துச் சொன்ன அதே தொனியில், அப்போதிலிருந்துதான் என்னால் உட்கார முடியவில்லை.

நேற்று காலை உங்கப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "பதினோரு வருஷம் கழிச்சுப் போய் என்னத்துக்கு? கேஸ் கீஸ்னு போயிட்டா?" என்றார். "போகட்டும்" என்று சொல்லிவிட்டு, தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பொன்முடி பஸ் ஏறி வித்துராவில் இறங்கினேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டுமென்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். நெடுமங்காடு தாண்டியதும் இறங்கித் திரும்பிவிடலாமா என்றும் நினைத்தேன். ஜங்ஷனில் விசாரித்ததும் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். அதே ஹோட்டல்தான். மாஸ்டர் இப்போது அடுப்பில் நிற்பதில்லை என்றார்கள். பின்கட்டில் முருகேசன் அரிவாள்மணையில் உட்கார்ந்து இடது கையால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. பேச்சியம்மாள் பக்கத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மதியக் கூட்டம் முடிந்த நேரம்.

"என்னை ஞாபகம் இருக்கா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தவள் உடனே சொன்னாள். "ஆஸ்பத்திரி மேடம். பேப்பர் குடுத்தவங்க."

பஸ்ஸில் ஓட்டிப் பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "அன்னைக்கு நீங்க சரியாத்தான் வாசிச்சீங்க. மாத்திரை வேண்டாம்னுதான் அந்த வரிக்கு அர்த்தம். அதை எழுதினது நான். போன்ல அப்படியே செய்யச் சொன்னதும் நான்தான்."

முருகேசனின் கை நின்றது. பேச்சியம்மாள் எழுந்தாள். கையிலிருந்து சாம்பல் தண்ணீர் சொட்டியது. "இதை இப்ப வந்து சொல்லுதீயளே. ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

"டாக்டரு என்னைய ஏசும்போதே?"

"அப்பவே தெரியும்."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. "எம் மாமியா இன்னைய தேதி வரைக்கும் என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல. எம் புள்ள கையை முடக்கினவ நீதானேன்னு சொல்லுவா. இவுகளும் கோவம் வந்தா அதைத்தான் சொல்லுவாவ. நானும் அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன். இங்கிலீஷ் பேப்பர் எது வந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு பக்கத்து வீட்டுல குடுத்துருவேன் மேடம்." முருகேசன் தலையைத் தூக்காமலே, "ஆமா, சொல்லியிருக்கேன்" என்றார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மூக்கைச் சிந்துவது கேட்டது.

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வாயால சொன்னா எங்க அத்தை நம்ப மாட்டா. எழுதிக் குடுங்க. தமிழ்ல" என்றாள். ஹோட்டல் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொண்டுவந்து வைத்தாள். நான் எழுதினேன்: அன்று கொடுக்கப்பட்ட தாளில் தவறு நேர்ந்துவிட்டது, அதனால் ஏற்பட்ட துன்பத்துக்கு மிகவும் வருந்துகிறேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து வாசித்தாள். திரும்பவும் ஒரு தடவை வாசித்தாள். "இதுல யாரு தப்புன்னு இல்லையே மேடம். இதை எங்க அத்தைகிட்ட காட்டுனா, நேர்ந்தது ஒன்னாலதானேன்னு கேப்பா."

முப்பது வருஷம் எழுதிப் பிழைத்தவளுக்கு முகம் சுட்டது. கிழித்துப்போட்டு வேறு தாளில் எழுதினேன். ஆஸ்பத்திரித் தாளை எழுதியது நான். மாத்திரை வேண்டாம் என்று பொருள்படும்படி எழுதியது நான். போனில் கேட்டபோது அப்படியே செய்யச் சொன்னது நான். டாக்டர் ஏசியபோது தெரிந்தும் பேசாமல் இருந்தது நான். பேச்சியம்மாள் சரியாகத்தான் வாசித்தார். கீழே கையெழுத்துப் போட்டு, பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் எழுதினேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், வக்கீலிடம் போனாலும் நான் வந்து இதையே சொல்வேன் என்றேன். அவள் வாசித்து முடித்து, "இது போதும்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, ஒரு டீ குடிக்கச் சொல்லவுமில்லை. அவள் சொல்ல வேண்டியதில்லை. "மூணு மணிக்கு பஸ்ஸு. அதை விட்டா லேட்டாயிரும்" என்று மட்டும் சொன்னாள்.

இதுவரை எழுதிவிட்டு மோட்டார் போட எழுந்தபோது போன் அடித்தது. புது நம்பர். பேச்சியம்மாள்தான். காலையில் அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டு, மாமியாருக்கு அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கையெழுத்து வரைக்கும் வாசித்துக் காட்டினாளாம். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "ஒண்ணுஞ் சொல்லல. இன்னொரு தடவை வாசின்னு சொன்னா. வாசிச்சேன்" என்றாள். பிறகு அவளே போனை வைத்துவிட்டாள்.

எனக்கு இதற்குப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது மக்களே. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அந்த மெயிலை எடுத்து, முதல் சொல்லிலிருந்து விரல் வைத்துப் படி. பிறகு நிமிஷாவைக் கூப்பிடு.

அம்மா